மதில் தாண்டிய புழுக்கள்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை அனுஷாவுக்கு அக்கா சந்திரகாந்தா எழுதுவது. அருகன் அருளால் இங்கு எல்லோரும் நலம். என் பெண் இனியா எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்பாய், சொல்கிறேன். போனில் சொன்னால் உன் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். அதனால்தான் கடிதம்.

நிச்சயம் முடிந்து, முகூர்த்தப் பட்டுப்புடவை முள்ளிப்பட்டு ஊரில் தறி ஏறின பிறகு, இனியா கையில் வெண்புள்ளி வந்ததென்று பக்கத்து வீட்டு சுபலட்சுமி சம்பந்தத்தை முறித்தாளே, அதோடு விட்டாளா? புள்ளி விழுந்த பொண்ணை என் மகன் ஆதீஷ் தலையில கட்டப் பாத்தாங்க என்று தெரு முழுக்கச் சொல்லிகினு திரிந்தாள். அன்றிலிருந்து குழந்தை வாசற்படி இறங்கவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சும்மா விடுவேனா?

நம் கொல்லை நார்த்தையில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி முட்டை வைத்திருந்தது. பார்த்திருப்பாய், கறுப்பு இறக்கை முழுக்க வெளிர்மஞ்சள் புள்ளி, கீழ்நுனியில் சிவப்புப் பொட்டு. குட்டிப் புழு காக்கை எச்சம் மாதிரியே இருக்கும், குருவிகூடச் சீந்தாது. வளர்ந்தால் இலைப்பச்சை. எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலை என்றால் கொழுந்தை மொட்டையடித்துவிட்டுத்தான் நிமிரும். சுபலட்சுமி மதிலோரம் தொட்டி தொட்டியாய் எலுமிச்சை வைத்துப் பீற்றிக்கொள்வாள் இல்லையா? தினமும் காலையில் புழுக்களை இலையோடு கிள்ளி, மதிலுக்கு மேல் கைநீட்டி அவள் செடியில் விட்டேன். ஒன்றையும் நசுக்கவில்லை, உயிர்ப்பாவம் கிடையாது. அவளும் நம்ம மாதிரி ஜைன வீடு, எறும்புக்குக்கூட மருந்து வைக்கமாட்டாள். பார்த்துகினுதான் இருக்கணும். தின்னுங்க கண்ணுங்களா, தின்னுட்டு உடம்பெல்லாம் புள்ளியோட அவ வீட்டிலேயே பறங்க என்று வாழ்த்தி அனுப்பினேன்.

போன வாரம் வாசலில் குரல். சுபலட்சுமி நிற்கிறாள், கையில் எவர்சில்வர் தட்டு, தட்டு நிறையப் புழு. செடியெல்லாம் வெறும் குச்சியாம். உங்க நார்த்தையில இருந்துதாங்க வருது, கொல்ல மனசு வரல, நீங்களே எடுத்துக்குங்க என்றாள். அடேயப்பா, மனசு வரவில்லையாம்! நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இனியா படி இறங்கி வந்து அந்தக் கையை நீட்டினாள்.

இதில வைங்க அத்தை என்றாள். சுபலட்சுமி தட்டைக் கவிழ்க்கப் பார்த்தாள். அடிபட்டுடும், ஒவ்வொண்ணா எடுத்து வைங்க என்றாள் இனியா. தெருவே பார்க்கிறது, வேறு வழி? தொட்டதும் புழு சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விட்டது. சுபலட்சுமி மூஞ்சியைச் சுளித்தாள். ஒவ்வொரு புழுவுக்கும் அவள் விரல் என் பெண்ணின் புள்ளியில் பட்டது. கடைசிப் புழு வரை இனியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்துபோச்சு, அனுஷா. இது பாவமென்றால் பாவமாகவே இருக்கட்டும்.

அந்தப் புழுக்கள் இப்போது இடுப்பில் ஒரு நூலைக் கட்டிகினு நார்த்தையில் கூட்டுப்புழுவாகச் சாய்ந்திருக்கின்றன. இறக்கை வந்தால் முட்டை வைக்க இளங்கொழுந்து தேடித்தான் போகும். சுபலட்சுமி வீட்டு எலுமிச்சை மறுபடி துளிர்க்கிறது. இனி நான் கை நீட்ட வேண்டியதில்லை.

புடவையை நிறுத்தட்டுமா என்று தறிக்காரி சின்னபொண்ணு கேட்டாள். முடித்துக் கொடு என்றேன். பட்டுக்குச் சாகிற புழுவைப் பற்றி இப்போது என்னிடம் கேட்காதே.

அந்தப் பக்கம் நல்ல பையன் இருந்தால் பார். ஜாதகத்துக்கு முன்னால் கையைச் சொல். இத்துடன் போட்டோ இருக்கிறது. இனியாவே எடுத்துக் கொடுத்தாள், கையை முன்னால் நீட்டிக்கொண்டு.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் அக்கா,
சந்திரகாந்தா