குண்டும் நானும்

ஜூன் 9, திங்கள்
காலைலயே வெயில். அம்மாவோட ராஜபாளையம், ஸ்கேன் எடுக்க. ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு முக்கால் மணி நேரம் அடக்கி உக்காரணும். கொடுமை.
நாலு மாசமா பீரியட்ஸ் இல்ல. எடை 81. வயசு 15. வயசுக்கு வந்தது நாலாங்கிளாஸ்ல, ஒம்பது வயசு. டாக்டரம்மா எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. பிசிஓடியாம். "கட்டி இல்லம்மா, பயப்படாதே. சினைப்பைல முட்டை முழுசா முதிராம பாதியில நின்னுபோகுது."
அம்மா மெதுவா: "ஸ்கூல்ல குண்டு எறியுறா டாக்டர். அதனாலதான்னு எங்க அக்கா சொல்றாக. கர்ப்பப்பை எறங்கிருமாமே?"
"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நல்லா எறியட்டும். தினம் நடக்கட்டும். ராத்திரி பரோட்டாவை மட்டும் நிறுத்துங்க."
பரோட்டாக் கடையே என்னைப் பெத்த அத்தாவோடதுதான்! பஸ்ல ஸ்ரீவில்லிபுத்தூர் வர்ற வரைக்கும் சிரிப்பு.

ஜூன் 10
ஒரே ஒரு பயம். எடை குறைஞ்சா எறியும் குறைஞ்சிருமா? என் உடம்பைப் பாத்து யாரும் சிரிக்காத இடம் குண்டு எறியுற அந்த வட்டம் ஒண்ணுதான். பி.டி. மிஸ்கிட்ட கேட்டேன்.
"கையா எறியுது? கால்தான்ட்டி எறியுது. போ, ரெண்டு ரவுண்டு ஓடு."

ஜூலை 19, சனி
தூறல். எடை 78. பீரியட்ஸ் - இல்ல. எறி 7.90 மீட்டர். போன மாசம் 8.20! பாத்ரூம்ல அழுகை.
காலைல மடவார் வளாகம் வரைக்கும் நடை. அத்தாவும் வாராக. பாதி வழியில மூச்சு வாங்கி நின்னுட்டு, "நீ போ தாயி, நான் பின்னாடி வாரேன்." நேத்து மூணு தடவை நின்னாக, இன்னிக்கு ஒரு தடவைதான். வீட்டுக்கு இப்ப கடை பொட்டலமே வர்றதில்ல.

ஆக. 22, வெள்ளி
வந்துருச்சு!!!
விடிகாலை அஞ்சரை. நான் போட்ட சத்தத்துல, வழுக்கி விழுந்துட்டேன்னு அம்மா ஓடி வந்தா. சொன்னதும் கட்டிப் பிடிச்சு அழுதா. அப்புறம்தான் ஞாபகம், இன்னிக்கு ராஜபாளையத்துல போட்டி.
"போகாதட்டி."
"வலியே இல்லம்மா."
அம்மா பீரோவைத் திறந்தா. பொறவு என் பையில நாலு நாப்கினைத் திணிச்சா. "நானும் வாரேன்."
நான் எறிஞ்சு அம்மா பாத்ததே இல்ல.
மூணுல முதல் எறி: ஃபவுல். கால் கோட்டுக்கு வெளிய.
ரெண்டு: 8.64.
மூணு: குண்டு கையை விட்டுப் போனப்பவே தெரிஞ்சுபோச்சு. 9.12!! எடை இப்ப 75.
ரெண்டாவது இடம். மிஸ் விசிலை விடாம ஊதுறாங்க. அம்மா புர்காவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துறா: "எம்புட்டு தூரம் போகுது! ஏட்டி, இன்னொண்ணு எறி!"
மூணு முடிஞ்சுபோச்சும்மா.