கொல்லை மண்ணை ஆறு கொண்டுபோன சேதி

இயேசு மரி சூசை துணை

கல்மண்டபம்,
22-11-1971

என் மகன் அருள்நாதனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், பிலாயில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் கேட்கிறேன். குளிருக்குக் கம்பளி வாங்கினாயா? வாங்கியிருக்க மாட்டாய், நீ உன் நைனா பிள்ளை. உன் தங்கை ஆலிஸுக்கு இது ஏழாம் மாசம், கால் வீங்கிக்கொண்டு அம்மா வீடே கதி என்று வந்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு முழங்கால் வலி, அதை விடு.

போன வாரம் விடாமல் கொட்டிய மழையில், எண்ணூரில் ஆற்றோரம் இருக்கும் நம் கொல்லை பாதி போய்விட்டது. தண்ணீர் நின்று வடிந்திருந்தால் பரவாயில்லை, மேட்டிலிருந்து ஓடி வந்து மேல்மண்ணை வழித்துக்கொண்டு கரையை உடைத்து ஆற்றில் இறங்கிவிட்டது. கத்தரிச்செடி போன இடம் தெரியவில்லை, அடியிலிருந்த வெள்ளை மணல் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது. பக்கத்துக் கொல்லை எத்திராஜுக்கு ஒரு கூடை மண் கூடப் போகவில்லை, அவன் கரையில் பனை நிற்கிறது. நம் பனைகள் என்ன ஆயின என்று உனக்குத் தெரியுமே. குருத்தோலை ஞாயிற்றுக்குக் கோவிலுக்கு நம் கொல்லை ஓலைதான் போக வேண்டுமென்று உன் நைனா வருஷா வருஷம் அந்த இளம்பனைகளின் குருத்தையெல்லாம் அறுத்தார். மரத்துக்கு ஒன்று எடுத்தால் போதாதா, பவனியில் எல்லோரும் இது ஸ்டானிஸ்லாஸ் கொடுத்த ஓலை என்று சொல்ல வேண்டும் அவருக்கு. குருத்து போனதால் பட்டுப்போன மரங்களை வேரோடு தோண்டி அடுப்புக்குக் கொண்டுவந்தார். அந்தக் குழிகளில்தான் தண்ணீர் நுழைந்து கரையைப் பிளந்தது என்று எத்திராஜ் சொல்கிறான். ஆண்டவர் குருத்தையா கேட்டார், மனசைத்தானே கேட்டார் என்றேன், உன் நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது இன்னொரு கூத்து. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு அப்படியே பஸ் பிடித்து எண்ணூருக்குப் போய், ஆற்றில் இறங்கி வண்டலைக் கூடையில் வாரி மேலே கொண்டுபோய்க் கொட்டுகிறார், இந்த வயதில், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. முந்தாநாள் சேற்றில் விழுந்துவிட்டார், எத்திராஜ்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டான். வேண்டாம் என்று அழுதேன். மண்ணு எங்க பூட்ச்சு, கீழதான் கீது, தூக்கினு வந்தா ஆச்சு, அருளு வந்து வூடு கட்டறப்போ இன்னா பள்ளத்துலயா கட்டுவான் என்கிறார். அடுத்த மழையில் அதுவும் ஓடிவிடும் என்றால் காதில் ஏறுவதில்லை. எனக்கு அலுத்துவிட்டதப்பா, சண்டை போடவும் தெம்பில்லை.

நீ பிலாயிலேயே வீட்டுக்கு இடம் பார்த்துவிட்டதைப் போன தடவை சென்ட்ரலில் ரயில் ஏறும்போது என்னிடம் சொன்னாய். நைனாவிடம் நீயே சொல்லிடும்மா என்றாய். சொன்னேன். என் பிள்ளையை நீதான் துரத்துகிறாய் என்று ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை, சோறு கிடைக்கிற இடத்தில்தானே பிள்ளை இருக்க முடியும். வருத்தம் இருக்கிறது, அது வேறு. ஆனால் என் வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், பேரப்பிள்ளைக்கு என் முத்தம். மறந்துவிடாதே, இனி வரமாட்டேன் என்று நைனாவுக்கு உன் கையாலேயே எழுதிவிடு. அழுவார், அழட்டும். கூடையைக் கீழே வைப்பார்.

உன் அம்மா
டோரதி