முசுறு நடக்கும் கயிறு

1956 செப்டம்பர் 10

பனி காயுமுன் பயற்றுப் பந்தலில் சாம்பல் தூவினேன். கொழுந்தில் அப்பியிருந்த அசுவினிப் பூச்சி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. சாழிப்பூச்சிக்குச் சாம்பல் போதாது. பிஞ்சில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிடும். அதற்குப் பக்கத்து வீட்டு விலாசினியின் மாமரத்து முசுறு எறும்புதான் கதி. மரத்திலிருந்து பந்தலுக்குக் கயிறு கட்டியிருக்கிறோம். முசுறு வரிசையாய் நடந்துவந்து சாழியைப் பிடித்துத் தின்னும். வருஷாவருஷம் கட்டுவது நானும் அவளும்தான்.

செப்டம்பர் 13

கயிற்றை அறுத்துவிட்டார் என் வீட்டுக்காரர்!

எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடுதான் என்று சட்டம் வந்ததிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. தமிழ்நாட்டோடு சேரவேண்டுமென்று ஜெயிலுக்குப் போய்வந்தவர். எனக்கும் வருத்தம்தான். விலாசினியின் கணவர் பொன்னப்பன் எதிர்ப்பக்கம் நின்றவர் — அதற்கு எறும்பு என்ன செய்யும்? “அவன் மரத்து உறும்பு நமக்கு வேண்டாம்” என்கிறார். அறுத்த கை முசுறு கடித்துத் தடித்துக் கிடக்கிறது. நன்றாக வேண்டும்.

செப்டம்பர் 19

புகையிலையை ஊறவைத்து, சோப்புக் கரைத்துத் தெளித்தேன். மழை வந்து கழுவிவிட்டுப் போயிற்று.

செப்டம்பர் 24

பிஞ்செல்லாம் சுருண்டு கிடக்கிறது. அடுத்த வருஷ விதையும் இதில்தானே எடுக்கவேண்டும்? இந்த மனுஷனுக்கு இது தெரியாதா?

விலாசினி என்னைக் கண்டால் கிணற்றடியிலிருந்து உள்ளே போய்விடுகிறாள். பயறு போனால் போகட்டும், அவளும் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவேன்?

செப்டம்பர் 25

பொறுக்கமாட்டாமல் வேலியருகே போய்க் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தாள்.

“கயறு அறுத்தது நீயாக்கும்னு நெனச்சேன், சுகிர்தம்” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான். பிறகு புதுக்கயிறு எடுத்துவந்து மரத்தில் கட்டினாள். மறுமுனையை நான் பந்தலில் கட்டினேன். இவர் வாசலில் நின்று பார்த்தார். அறுத்தால் மறுபடி கட்டுவேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 8

சாழி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இந்த முசுறு அசுவினியைத் தின்பதில்லை, சீராட்டி வளர்க்கிறது. ஆகவே சாம்பலையும் விடமுடியாது. கயிறு வந்து சேரும் மூலையில் மட்டும் தூவுவதில்லை. தூவினால் முசுறு திரும்பிப் போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் குடும்பம் நடத்துவது எனக்கென்ன புதிதா?

நவம்பர் 1

இன்றிலிருந்து நாங்கள் கேரளம். எங்கேயோ வெடி போடுகிறார்கள். இவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

நவம்பர் 2

மத்தியானம் பொன்னப்பன் வந்தார். கெக்கலிக்க வந்திருக்கிறார் என்று பயந்தேன். முகம் அப்படி இல்லை. மகள் விமலகுமாரியைக் கட்டிக்கொடுத்திருப்பது களியக்காவிளையில். நேற்றிலிருந்து அது வேறு மாநிலம்.

“எனக்க பிள்ளை அந்தப் பக்கம் ஆயாச்சு, வேதமணி” என்றார் இவரிடம்.

இவர் எழுந்து உள்ளே போகவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இவருக்கு மட்டும் கஞ்சியும் பயற்றங்காய்த் துவரனும் விளம்பினேன்; பொன்னப்பனுக்கு வைக்கத் துணியவில்லை. கை வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்கும் வெளம்பு” என்றார்.