கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து நிரப்பிய பயோடேட்டா

அனுப்புநர்:
அய்யாசாமி,
சென்ட்ரிங் மேஸ்திரி (இப்போது சும்மா இருக்கிறேன்),
இரண்டாவது கிராஸ், மேட்டகள்ளி, மைசூரு.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
வேலைவாய்ப்பு முகாம் அலுவலகம், மைசூரு.

பொருள்: என் மருமகள் காவேரியின் பயோடேட்டாவில் வாங்காத பட்டம் ஏறியது – பிழை என்னுடையது – அவர் பெயரை மறுபடி பட்டியலில் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காவேரி பொய் சொன்னார் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தங்கள் கவுண்டரில் இருக்கும் உமேஷ் அவர்கள் திங்கட்கிழமை பத்துப் பேர் எதிரில், "ஏன் அஜ்ஜா, இல்லாத டிகிரியப் போட்டுட்டு இங்க வந்து நின்னா ஆகுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கியதும் டீ குடிக்கப் போனார். திரும்பி வரவில்லை. அவ்வளவு பெரிய டம்ளர் மைசூரில் எங்கே கிடைக்கிறதோ தெரியவில்லை. தாங்கள் கொள்ளேகால்காரர், தமிழ் படிப்பீர்கள் என்று கேள்விப்பட்டு, மீதிப் பதிலைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

2. தங்கள் முகாம் வழியாக வந்தது, நஞ்சன்கூட்டு மருந்துக் கம்பெனி ஒன்றில் பரிசோதனைக்கூட உதவியாளர் வேலை. கேட்ட தகுதி பி.எஸ்சி. வேதியியல் மட்டும். காவேரி அதை முதல் வகுப்பில் முடித்தவர். விண்ணப்பிக்கக் கடைசி நாளில் அவர் சாமராஜநகரில் தாய் வீட்டில் இருந்தார். போனும் எடுக்கவில்லை. நானே பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

3. நான் படித்தது ஆறாவது. ஏழாவதில் மூன்று மாதம் உட்கார்ந்தேன். அதை வெளியே சொல்வதில்லை. மருமகளின் படிப்பை எப்படி எழுதுவது என்று தெரியாமல், பீரோவில் இருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் போனேன். அதில் 'காவேரி, எம்.எஸ்சி.' என்று தங்க எழுத்தில் இருக்கிறது. சென்டர் அம்மா தேர்ச்சி ஆண்டு கேட்டார். அதே பத்திரிகையில் கல்யாண வருடத்தைக் காட்டினேன். அதையும் தட்டிவிட்டார். நல்லவேளை, முகூர்த்த நேரம் கேட்கவில்லை.

4. நேர்முகத்தில் எம்.எஸ்சி. சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள். இல்லை. 'தவறான தகவல்' என்று எழுதிப் பெயரை நீக்கிவிட்டார்கள். அடுத்த முகாமுக்கும் வரக்கூடாதாம். வீட்டுக்கு வந்து காவேரி கேட்டது ஒன்றுதான்: "மாமா, நான் எப்ப எம்.எஸ்சி. முடிச்சேன்னு சொன்னேன்?"

5. பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போடுவது எங்களுக்குள் ஒரு மரியாதை. சான்றிதழைப் பார்த்துவிட்டு யாரும் பந்தியில் உட்காருவதில்லை. பயோடேட்டா அப்படி இல்லை என்று இப்போது புரிகிறது. காவேரி புதிதாக எழுதியிருக்கிறார். மேலே பி.எஸ்சி., கல்லூரி, ஆண்டு, வகுப்பு. அதன் கீழே, 'எம்.எஸ்சி. வேதியியல்: மூன்று பருவங்கள் தேர்ச்சி, நான்காம் பருவம் எழுதவில்லை, பட்டம் பெறவில்லை.' இந்த வரி எதற்கு, எடுத்துவிடு என்றேன். "படிச்சத ஏன் மறைக்கணும்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். படித்தது உண்மை, முடிக்காததும் உண்மை. இரண்டுக்கும் அந்த ஒரு வரியில் இடம் இருக்கிறது. பத்திரிகையில்தான் இல்லாமல் போயிற்று.

6. நான்காம் பருவம் ஏன் எழுதவில்லை என்று தாங்கள் கேட்கலாம். கல்யாணத்துக்கு மறுநாள் தேர்வு ஆரம்பம். மண்டபம் வேறு தேதியில் கிடைக்கவில்லை என்று இரண்டு வீட்டாரிடமும் சொன்னவன் நான். ஐயா, தேர்வு முடிந்த பிறகு வந்த ஆனி மாதத்தில் மண்டபம் காலியாகத்தான் இருந்தது. என் மகன் மதன் டிப்ளமோ. பெண் எம்.எஸ்சி. முடித்துவிட்டால் அவர்கள் வீட்டில் வேறு மாப்பிள்ளை

இதுவரை நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது காவேரி. இந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். மண்டபத்து விஷயம் அவர் காதுக்கு இன்றுதான் வந்தது. மீதியைப் பேனாவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். பட்டத்தைத் தடுத்தவன் நான். அதைத் தங்க எழுத்தில் அச்சடிக்கக் கொடுத்தவனும் நான். பயோடேட்டாவில் ஏற்றியவனும் நானே. இது எதிலும் காவேரியின் கை இல்லை.

ஆகவே அவர் பெயருக்கு எதிரில் உள்ள 'தவறான தகவல்' என்பதை அடித்துவிட்டு, புதிய பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு, வரும் முகாமில் அவருக்கு ஒரு நாற்காலி போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த வார்த்தையை எங்காவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் என் பெயருக்கு எதிரில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறாவது பத்தியைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

இணைப்பு: பி.எஸ்சி. பட்டம், மூன்று பருவ மார்க்ஸ் கார்டுகள், புதிய பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை (இதைத் திருப்பித் தர வேண்டாம்).

இடம்: மைசூரு
நாள்: 16.10.2025

இப்படிக்கு,
அய்யாசாமி,
ஆறாம் வகுப்பு.