பழைய எஞ்சினுக்கு எந்த ஒயில், அண்ணே?

எவ்வளவு கோபத்தில் எழுதினாலும் ‘அன்புள்ள’ என்றே தொடங்க வைக்கிற என் அண்ணனுக்கு,

நீ போனபிறகு உன்னோடு பேசவே எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் உன் படத்துக்கு முன்னால் நின்று அழுதார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். செத்தவர் மேல் கோபப்படக் கூடாதாம். நீ உயிரோடு இருந்தபோது உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை இருந்தது. அதையும் சேர்த்தா எரித்துவிட்டார்கள்?

உன்னிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். அதைக் கேட்பதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். மீதியைக் கேள்.

உன் கார்ப் பைத்தியம் பதுளை டவுன் முழுக்கத் தெரியும். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஃபெக்டரியில் டீமேக்கர் வேலை பார்த்துக்கொண்டு, தோட்ட மேனேஜர் தொரையின் பங்களா கராஜில் தூசி மூடிக் கிடந்த இங்கிலாந்துக் காரை வீட்டுக்கு இழுத்து வந்தாயே. இரண்டே சீட், மடக்குகிற துணிக் கூரை. அண்ணி வாசலில் நின்று, “இதுல நம்ம ரெண்டு பேரும் உக்காந்தா அரிசி மூட்ட எங்கங்க உக்காரும்?” என்று கேட்டார். நீ சிரித்தாய். மெக்கானிக் நிமல் பாஸ் எஞ்சினைப் பிரித்து மாட்டினார். நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து நான் ஒவ்வொரு சாமானாகத் தேடிக் கொடுத்தேன். ஒயிலையும் நான்தான் தெரிவு செய்தேன்.

அப்போது நான் உனக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? இருபது டபிள்யூ ஐம்பது, தடித்த மினரல் ஒயில், அதிலும் சிங்க், அதாவது துத்தநாகம், சேர்த்தது. அந்தக் காலத்து எஞ்சினில் பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம். சூடேறினால் மெல்லிய ஒயில் அங்கே நிற்காமல் வழுகி ஓடிவிடும், ஒயில் பிரஷர் விழுந்துவிடும். வால்வைத் தூக்குகிற டெப்பட்டும் அந்தக் கார்களில் உரசியே வேலை செய்யும். சிங்க் இல்லாவிட்டால் இரும்பை இரும்பு தின்றுவிடும். நீ தலையாட்டினாய். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த ஒயிலில்தான் ஓட்டினாய்.

பிறகு யாரோ ஒருவன் உனக்குப் புது ஒயில் பற்றி ஒரு வீடியோ அனுப்பினான். கொழும்பிலிருந்து ஒரு கேன் வந்தது. ஐந்து டபிள்யூ முப்பது, புதுக் கார்களுக்குச் செய்த சிந்தெட்டிக். அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் தொப்பென்று வைத்தாய். கடையில் ஆள் நிறைந்திருந்த நேரம்.

“அப்புத்தளை குளிருல காலையில ஒன் ஒயில் கூழு மாதிரி கெடக்கு வசந்தி. எஞ்சினுக்குள்ள மேல ஏற நேரமெடுக்குது. இதப் பாரு, தண்ணி மாதிரி ஓடுது.”

“காலையில ரெண்டு நிமிஷம் எஞ்சின சூடாக்குண்ணே. பெரகல ஏத்தத்துல கொதிக்கிறப்ப என்ன செய்வ? தண்ணி மாதிரி ஓடுனா தண்ணி மாதிரிதான் காப்பாத்தும்.”

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். உனக்கு முகம் சிவந்துபோயிற்று. “டப்பாவ அடுக்கி விக்கிறவளுக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?” என்றாய். ஊர் ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால்! அப்பாவுக்குப் பிறகு அந்தக் கடையைத் தூக்கி நிறுத்தியது யார் என்று உனக்குத் தெரியாதா?

“எஞ்சின் போனா என் கடைப் பக்கம் வராத” என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை, அண்ணே. நீ சொன்னதற்கு வருந்தினாயா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

அதன்பிறகு நாம் பேசவில்லை. பொங்கலுக்கு அண்ணி மட்டும் வந்தார். “அவருக்கு வேலையாம்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் அந்த மாலை. பெரகலயிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுகிற பாதையில், மூடுபனிக்குள், வளைவோரம் உன் கார் நின்றிருந்தது. மரக்கறி லொறிக்காரர் ஒருவர் இறங்கிப் பார்த்திருக்கிறார். நீ ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடந்தாயாம். அவரே உன்னைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

மறுநாள் காரை எடுக்கப் போனவர்கள் சாவியைத் திருகியிருக்கிறார்கள். ‘டக்’கென்றுகூட ஒரு சத்தமில்லை. “எஞ்சின் சூட்டுல இறுகிப் பிடிச்சிருச்சு” என்று ஒருவன் சொல்ல, அது சாவு வீட்டுக்கு வந்தவர்கள் வாயிலெல்லாம் ஏறிவிட்டது. வண்டி நின்றதால்தான் நீ போய்ச்சேர முடியவில்லை, வண்டி நின்றது ஒயிலால், ஒயில் என்றால் தங்கச்சி கடை. இப்படித்தானே ஊர் கணக்குப் போடும்?

உன் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி என்னைப் பார்த்ததும் எழுந்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒயிலுக்குச் சண்ட போட்டு என் தாலிய அறுத்துட்டீங்களே!” வீடு முழுக்கக் கேட்டது. ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த மனுஷன் அந்தத் தண்ணி ஒயிலை ஊற்றி, எஞ்சினைப் பொசுக்கி, நடுவழியில் செத்தும்போனான் என்றுதான் நானும் நினைத்தேன். நான் அழாததற்குக் காரணம் அதுதான். அவ்வளவு ஆத்திரம்.

கடையிலும் அது தொடர்ந்தது. பண்டாரவளையிலிருந்து வழக்கமாக வருகிற ஒரு லொறி முதலாளி, “அண்ணன் கார்ல ஊத்துன ஒயில் வேணாம்மா, வேற குடுங்க” என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னார். அது இன்னும் வலித்தது.

சில மாதம் கழித்து, காரை எடைக்குப் போடப் பழைய இரும்பு வாங்குகிறவனை அண்ணி வரச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நிமல் பாஸை அழைத்துக்கொண்டு அப்புத்தளைக்குப் போனேன். அன்று இழுத்து வந்து விட்ட கார் தோட்டக் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் அப்படியே நின்றது. அண்ணி யாரையும் தொட விடவில்லையாம்.

அண்ணி குறுக்கே வந்து நின்றார். “தொடாத வசந்தி. அது இந்த எடத்த விட்டுப் போகட்டும்.”

“போகட்டும் அண்ணி. ஆனா எது அவரக் கொன்னுச்சுன்னு நான் கண்ணால பாக்கணும். நீங்களும் பாருங்க. என் மேல தப்புன்னா இங்கயே சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.”

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு விலகி நின்றார்.

நிமல் பாஸ் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னால் ஸ்பானரைப் போட்டுக் கையாலேயே எஞ்சினைச் சுற்றினார். சுற்றியது. இன்னொரு முறை சுற்றினார். “எஞ்சின் பிடிச்சி இல்ல நங்கி. பட்டுப் போல சுத்துது” என்றார். அவருக்கு நான் ‘நங்கி’, சிங்களத்துத் தங்கச்சி. வால்வ் மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாம் ஒயிலில் நனைந்து மினுங்கியது. பிறகு கார் உள்ளே தலையை நுழைத்தவர் என்னைக் கூப்பிட்டார். ஹெட்லைட் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. “ராத்திரி பூரா லைட் எரிஞ்சி பெட்டரி செத்துப்போச்சி. அதுதான் ஸ்டார்ட் ஆகல்ல. வேற ஒண்ணும் இல்ல.”

அடியில் நட்டைக் கழற்றி ஒயிலை வடித்தார். தண்ணியாகக் கொட்டும் என்றுதான் காத்திருந்தேன். அது தடித்து, கயிறு மாதிரி இறங்கியது. விரலில் தொட்டுப் பார்த்தேன். நான் சொன்ன அதே இருபது ஐம்பது. எத்தனை வருஷமாக அந்த ஒயிலை விற்கிறேன்! ஃபில்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். புதுசு. அதில் நம் கடை ஸ்டிக்கர்.

அண்ணி அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். “அப்ப வண்டி நிக்கலயா? அவரா நிறுத்துனாரு?”

நீதான் நிறுத்தியிருக்கிறாய். நெஞ்சு வலித்ததும் ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்னால் வருகிற யாரும் பனிக்குள் வந்து மோதிவிடாமல் லைட்டையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். அண்ணி ஷெட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “படியேறுறப்ப நெஞ்சத் தடவிக்கிட்டே இருப்பாரு வசந்தி. டொக்டர்கிட்ட போவோம்னா, வாய்வுடி, நாளைக்குப் பாப்போம்னு சொல்லுவாரு. நான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்.” வாய்வு! யாரைக் கேட்டு நீ அதை வாய்வு என்று முடிவு செய்தாய்?

மறுநாள் காலையில் கடை திறந்ததும் நம் சண்முகத்திடம் அந்த ஃபில்டரைக் காட்டினேன். இத்தனை வருஷம் நம்மிடம் வேலை செய்கிற மனுஷன், முகம் வெளுத்துப்போய் நின்றார்.

“அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு அக்கா. நீங்க சாமான் எடுக்கக் கொழும்பு போயிருந்தீங்க. வந்து, முந்தி ஊத்துன அதே இருபது ஐம்பது ஒயிலும் புது ஃபில்டரும் கேட்டாரு.”

“என்ன சொன்னாரு? ஒரு வார்த்த விடாம சொல்லுங்க.”

“‘அவ சொன்னதுதான் சரி சண்முகம். ஏத்தத்துல பிரஷர் முள்ளு கீழ போயிருச்சு, பயந்துட்டேன்’னாரு. ‘அவகிட்ட நீ சொல்லாத, நானே வந்து சொல்றேன், அன்னைக்கி அத்தன பேரு முன்னால பேசிட்டேன்’னு கண்ணு கலங்குனாரு.”

“ஊரே கடையப் பேசுறப்ப எப்படி வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?”

“செத்தவருக்குக் குடுத்த சத்தியமாச்சே அக்கா…”

அவரை என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. ஒயில் அடுக்கியிருக்கிற பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ செத்து அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ‘நானே வந்து சொல்றேன்’ என்றாயே, ஏன் வரவில்லை? சண்முகத்திடம் அதைச் சொன்ன பிறகும் எத்தனையோ நாள் உயிரோடு இருந்தாயே. அப்புத்தளைக்கும் பதுளைக்கும் ரயில் ஓடவில்லையா? அந்த வளைவில் ஹேண்ட்பிரேக் இழுக்கக் கை இருந்தது, லைட் போடக் கை இருந்தது. முன்பின் தெரியாத லொறிக்காரன் மோதிவிடக் கூடாதென்று நினைக்க மனம் இருந்தது. சட்டைப் பையில் இருந்த போனை மட்டும் எடுக்க முடியவில்லையா? ‘வசந்தி, நெஞ்சு வலிக்குது’ என்று ஒரு வார்த்தை. ‘என்கிட்ட ஏண்ணே சொல்ற, ஒன் சிந்தெட்டிக்கிட்ட சொல்லு’ என்று நான் வைத்துவிடுவேன் என்றா நினைத்தாய்? என்னைப் பற்றி அவ்வளவுதானா தெரிந்து வைத்திருந்தாய்?

தோற்றதை ஒப்புக்கொள்ள உனக்கு நல்ல நாள் பார்க்கவேண்டியிருந்தது. அந்த நாளுக்காகக் காத்திருந்து, என்னைப் பழியோடு விட்டுவிட்டுப் போனாய். அண்ணியை என் எதிரியாக்கிவிட்டுப் போனாய். ஒரே குடும்பத்துப் பெண்கள் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிடந்தோம். நீ வாயைத் திறந்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

இங்கே நடப்பதையும் கேட்டுக்கொள். பழைய இரும்புக்காரனை அண்ணி திருப்பி அனுப்பிவிட்டார். புது பெட்டரியும் அதே இருபது ஐம்பது ஒயிலும் போட்டோம். கார் முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. அடுத்த வாரம் அண்ணி பஸ் ஏறிப் பதுளைக்கு வந்தார். அன்று அந்த லொறி முதலாளியும் கடையில் இருந்தார். “என் புருஷன் வண்டியில இருந்தது இந்தக் கடை ஒயில்தான். வண்டி நிக்கவே இல்ல, அவருதான் நின்னாரு. இதப் போயி எல்லார்கிட்டயும் சொல்லுங்க” என்றார். பிறகு எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ செய்திருக்கவேண்டியது அண்ணே, அது.

லைசன்ஸ் எடுத்தும் உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தே வந்தாரே அண்ணி, இப்போது அவர்தான் ஓட்டுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு பெரகல வரை இறங்கினார். திரும்பி ஏறும்போது அதே வளைவு. பிரஷர் முள் அசையாமல் நின்றது. எனக்குத்தான் மூச்சு நின்றது.

“நிறுத்தலயா அண்ணி?”

அவர் கியரைக் குறைத்து ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தார். “எதுக்கு நிறுத்தணும்? அவரு நின்னது போதும் வசந்தி.”

உன் மேல் உள்ள கோபம் சீக்கிரம் ஆறாது, அதற்கு நான் அவசரப்படவும் மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி அண்ணிக்கும் எனக்கும் சண்டை வந்தால், வரத்தான் போகிறது, அன்றைக்கே பேசித் தீர்ப்போம். யார் பக்கம் தப்பென்றாலும் ஒருவரும் நல்ல நாள் பார்த்துக்கொண்டு உட்கார நான் விடமாட்டேன். அண்ணியின் நெஞ்சில் ஒரு சுருக்கென்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
நீ வந்து சொல்வதாகச் சொன்னதைக் கடையிலிருந்த ஒருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்ட
உன் ஒரே தங்கச்சி
வசந்தி