எங்கள் ஸ்டேஷனைத் தாண்டி

21.11.86, வெள்ளி

எங்கள் ஊர் ஸ்டேஷனை மூடியபின் இன்றுதான் விழுப்புரத்தில் ரயிலேறினேன். பஸ் கிடைக்கவில்லை. திண்டிவனம் போய்த்தான் திரும்ப வேண்டும் என்று தெரிந்தே ஏறினேன். அப்படியும், புளியமரங்கள் தெரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம்.

"இங்கெல்லாம் நிக்காதுங்கம்மா," என்றாள் மல்லாட்டை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "எனக்கே சொல்றியா? இங்க டிக்கெட் குடுத்துக்கினு இருந்தவளே நான்தான்."

வண்டி வேகம் குறையவில்லை. பலகை அடித்த டிக்கெட் ஜன்னல் கடந்தது. அதன் பின்னால், பூட்டிய என் வீடு இருட்டில் கிடந்தது.

"அப்ப உங்க வூடு இங்கதானா? எதுங்க?" என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

விளக்கெரிந்த பக்கத்து வீட்டைக் காட்டினேன்.