பாலம் விழக் கண்ட தச்சியைப் பற்றி

முகில் தங்கும் நீள்குன்ற நாட்டின் பெருந்தேவியார், ஏழு அருவிகளுக்கு உரியவர், முறையிட வருவோர்க்காக வாயிற்கதவைத் தாழிடாதவர், முத்தாரக்கோதையார் திருவாய் மலர்ந்தருளிய ஆணையால், தாழைத்துறை நாட்டை நெறி பிறழாது ஆளும் கடற்காவலர், மாமன்னர் அடலேறனார் திருமுன் படிக்க எழுதிய ஓலை. நும் வயல்களில் நெல் சாயாது விளைக. நும் உப்பளங்கள் வெண்மை குன்றாது பொலிக. நும் நாட்டுக் குழந்தைகள் தாமும் நன்கு உறங்கிப் பெற்றோரையும் உறங்க விடுக.

நும் தூதர் கொணர்ந்த ஓலை கிடைத்தது. நும் நாட்டில் ஓடும் நுங்காற்றின் மேல் நார்க்கயிற்று வடப்பாலம் ஒன்று கட்ட விரும்புவதையும், அதன்பொருட்டு எம் பாலத்தச்சருள் "ஒருமுறையேனும் தோல்வி காணாதவர்" ஒருவரை அனுப்பி உதவுமாறு கேட்டதையும் பெருந்தேவியார் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அத்தகையோர் இருவர் எம்மிடம் உளர். இருவரும் இதுவரை வாய்க்காலைத் தவிர வேறெதன் மேலும் பாலம் கட்டியதில்லை. ஆகவே அவர்களைத் தம் வாய்க்கால்களோடு இருக்க விட்டு, காரிநங்கை என்னும் தச்சியைப் பற்றி இவ்வோலை பேசும். அவள் கட்டிய பாலம் நாடே பார்த்திருக்க விழுந்தது. வேற்று நாட்டார் ஒருவரேனும் தன் கையை நம்பி ஒரு வடத்தைத் தருவாரா என்பதே இன்று அவளுக்குள்ள ஒரே கவலை. நடந்ததைக் கேட்டபின் மன்னர் முடிவு செய்தருள்க. பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும் என்பது பெருந்தேவியார் ஆணையாதலால் ஓலைக்கு ஒவ்வாத சொற்களும் இதில் வரும். பொறுத்தருள்க.

எம் தலைநகருக்கும் நும் எல்லைக்கும் நடுவே ஓடும் உறுமாறு என்னும் ஆறு அகலமானது. கரைகளில் வடம் கட்டத்தக்க மரமில்லாதது. அங்கே பாலம் கட்டுவோர் இரு கரையிலும் கல்தூண் நட்டு, நார்வடங்களைத் தூணில் பல சுற்றுச் சுற்றி முடிச்சிட வேண்டும். எம் நாட்டில் ஒரு வழக்கமும் உண்டு. ஏராயினும் தொட்டிலாயினும் கதவாயினும், புதிதாகச் செய்த எதற்கும் எண்ணெய்க்காப்பு இடாமல் நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. உறுமாற்றின் மேல் முதலில் கட்டிய பாலம் திறந்த நாளிலேயே விழுந்தது. எண்ணெய் குறைந்ததால் ஆற்றுக்குக் கோபம் என்று ஊர் சொல்லிற்று. அடுத்த பாலத்துக்கு நிறைய ஊற்றினார்கள். அதுவும் விழுந்தது.

மூன்றாவதாகக் கட்ட வந்தவள் காரிநங்கை. வயதில் இளையவள், எதையும் ஒழுங்காகச் செய்பவள், செய்தபின் தன்னையே நம்பாதவள். நாரை ஊறவைத்ததிலிருந்து வடம் முறுக்கியது வரை ஒவ்வொன்றையும் தானே தொட்டுப் பார்த்தாள். மணல் மூட்டைகளை ஏற்றினாள், எருமைகளை நடத்தினாள். பாலம் அசையாமல் நின்றது. ஆனாலும் விடிந்ததும் போய் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பாள். உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள்.

"நங்கை, பாலத்தை எழுப்பி எழுப்பி நலமான்னு கேக்காத. அது கொஞ்சம் தூங்கட்டும்."

"விழுந்துட்டா?"

"விழுந்தா தானா முழிச்சுக்கும், விடு."

சித்திரையில் பாலம் திறக்கும் நாள் வந்தது. இம்முறை ஆறு குறை சொல்லக்கூடாது என்று வீட்டுக்கு வீடு எண்ணெய் கொண்டுவந்தார்கள். படைத்தலைவர் கொடும்புலியார் ஒரு குடத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அந்தக் குடத்தில் அவரே முங்கிக் குளிக்கலாம். தூண்களிலும், சுற்றுகளிலும், முடிச்சுகளிலும் எண்ணெய் வழிய வழிய ஊற்றிய பின், படைத்தலைவர் சங்கு ஊதியபடி பாலத்தின் மேல் முன்னே நடக்க, பாயசப் பானைகளோடு பெண்கள் பின்னே நடந்தார்கள்.

பாலம் படீரென்று விழவில்லை. தாய் ஒருத்தி பிள்ளையை மடியிலிருந்து இறக்குவதுபோல, அது எல்லாரையும் சுமந்தபடி மெல்ல இறங்கி, இடுப்பளவு நீரில் நிறுத்தியது. எவருக்கும் அடிபடவில்லை. பாயசம்தான் ஆற்றோடு போயிற்று. படைத்தலைவரின் தலைப்பாகையும் அதன் பின்னே போயிற்று.

"எவன்டா பாலத்தைக் கீழ இறக்கினது!" என்று நீருக்குள் நின்று முழங்கினார் அவர்.

"யாரும் இறக்கல தலைவரே, அதுவா இறங்கிடுச்சு. மேல வாங்க, சளி பிடிக்கப்போகுது" என்றாள் பானை இழந்த ஒருத்தி.

கரையில் சிரிப்பு எழுந்து அடங்கியதும் காரிநங்கையை எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது எவருக்கும் தெரிந்ததே. விழுந்தது எதுவும் ஊருக்கு ஆகாது என்று, பொழுது சாயுமுன் மிச்சத்தையெல்லாம் எரித்துவிடுவோம். கட்டியவர் தம் அளவுகோலை ஒடித்துப்போட்டு வடக்கு வாயில் வழியே வெளியேற வேண்டும். அதன்பின் அவர் பெயரை எவரும் சொல்லலாகாது. முந்தைய தச்சர் இருவரும் அப்படித்தான் போனார்கள்.

காரிநங்கை கோலை ஒடித்தாள். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று, கரையில் பெருந்தேவியாரோடு கூடியிருந்த அவை காத்திருந்தது. அவளோ வேறொன்று கேட்டாள்.

"தாயே, நான் போயிடறேன். வடத்தை மட்டும் எரிக்கச் சொல்லாதீங்க."

"ஏன் அம்மா?" என்றார் பெருந்தேவியார்.

"அறுந்து விழுந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க. இழுத்துக் கரையில போட்டு முழுசாத் தடவிப் பார்த்தேன். எங்கயும் அறுகல. அறுகாத வடம் எப்படி விழும்? எனக்குத் தெரியல. தெரியாமலே எரிச்சுட்டா அடுத்து கட்டறவரும் விழுவாரு."

வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த படைத்தலைவருக்குப் பொறுக்கவில்லை. "தெரியலையாம்! இதுல தெரிய என்ன கிடக்கு? ஆத்துக்கு எண்ணெய் போதல. நான் கொண்டுவந்த குடத்துல பாதிதான் ஊத்தினாங்க. அப்பவே சொன்னேன், கேட்டாங்களா?"

காரிநங்கை பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். ஒடித்த கோலின் ஒரு பாதி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்திருந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வடத்தைத் தடவிய கை மினுமினுத்தது. ஓர் எண்ணம் தோன்றியது. அதை நம்பத்தான் அவளுக்குத் துணிவு வரவில்லை.

"தலைவரே, மீதி எண்ணெய் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"எனக்கு ஒரு சந்தேகம். தப்பாக்கூட இருக்கலாம். இன்னொரு தடவை விழுந்து பார்க்கணும்."

அவை நகைத்தது. பெருந்தேவியார் நகைக்கவில்லை. கொள்ளியோடு நின்ற ஏவலரை, அதை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் உலர்ந்த கல்தூண் ஒன்றை நட்டார்கள். விழுந்த வடத்தைக் கழுவிக் காயவைத்து, அதே அளவு சுற்றுகள் சுற்றினாள் காரிநங்கை. ஒரு முனையை வீரர்களிடம் கொடுத்து, மறுமுனையை வெறுங்கையால் தான் பிடித்துக்கொண்டாள். வீரர்கள் இழுத்தார்கள். படைத்தலைவரும் மேலாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சேர்ந்து இழுத்தார். வடம் விரலளவும் நகரவில்லை.

"ஒரு பொண்ணு பிடிச்சிருக்கா, உங்களால முடியலையா? காலையில கஞ்சி குடிக்கலையா?" என்று மாடத்திலிருந்து பெண்கள் கூவினார்கள்.

"நான் பிடிக்கலம்மா, கல்லு பிடிச்சிருக்கு" என்றாள் காரிநங்கை.

பின்பு அவள் தூணுக்கு எண்ணெய்க்காப்பு இட்டாள். விழா நாளில் ஊற்றியது போலவே, சுற்றுகளுக்குள் இறங்க இறங்க ஊற்றினாள். மறுபடி இழுக்கச் சொன்னாள். வீரர்கள் முன்போலவே முழு வலுவோடு இழுத்தார்கள். வடமோ வெண்ணெயில் விரல் போவதுபோல் வந்தது. எல்லாரும் ஒருவர் மேல் ஒருவராக மல்லாந்து விழுந்தார்கள். அனைவருக்கும் அடியில் கிடந்தவர் படைத்தலைவர். பிடியை விடாத காரிநங்கை முற்றத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து அந்தக் குவியலின் மேல் சேர்ந்தாள். பெருந்தேவியார் சிரித்ததை ஓலையில் எழுதுதல் மரபன்று. கண்ணில் நீர் வரச் சிரித்தார் என்று எழுதுக என்பது அவர் ஆணை.

சிரிப்பு ஓய்ந்தபோது ஒரு மூதாட்டி கேட்டாள். "அப்போ, வீட்டு விளக்குக்குக்கூட வைக்காம நாங்க கொண்டாந்த எண்ணெய்தான் கவுத்துச்சா?"

தம் அன்பே தம் பாலத்தை இறக்கியது என்று கேட்பது எவருக்கும் எளிதன்று. காரிநங்கை எழுந்து, முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்தாள்.

"முதல் கரண்டி நான்தாம்மா ஊத்தினேன். கட்டினவ நான். மணலை ஏத்திப் பார்த்தேன், எருமையை நடத்திப் பார்த்தேன். நாம எல்லாத்துக்கும் எண்ணெய் ஊத்துவோம்னு தெரிஞ்சும், ஊத்திட்டுப் பார்க்கல. இது உங்க மேல இல்ல."

பெருந்தேவியார் அன்றே ஆள் அனுப்பி, முன்பு வெளியேறிய தச்சர்களைத் தேடச் சொன்னார். முதலாமவர் காலமாகியிருந்தார். இரண்டாமவர் பெருஞ்சாத்தனார் மலையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவையில் நின்று வடத்தைப் பார்த்ததும் அவர் சொன்னது இதுதான்: "என் வடமும் அறுகல தாயே. எனக்கு அப்பவே உறுத்துச்சு. ஏன்னு பார்க்கறதுக்குள்ள எரிச்சுட்டாங்க. அப்புறம் யாருகிட்டச் சொல்ல? ஆடுங்ககிட்டச் சொன்னேன். அதுங்க கேட்டுக்கிச்சு, ஆனா பாலம் கட்டத் தெரியாதே."

இதைக் கேட்டு அவை சிரித்தது, பெருந்தேவியார் தலைகுனிந்தார். இரு பாலங்கள் வீழ்ந்தும் எம் நாடு கற்றது, இன்னும் எண்ணெய் ஊற்றுவதையே. அறிந்தவரை வெளியேற்றிவிட்டு, அறியாதவரைப் புதிதாக அழைத்துவந்து, அவரையும் அதே குழியில் நிறுத்தியிருக்கிறோம். அன்று முதல் எம் நாட்டில் வடக்கு வாயில் எல்லார்க்கும் பொதுவான வாயில். விழுந்ததை, கட்டியவரும் கட்டாதவரும் சேர்ந்து பார்த்து முடிக்குமுன் எரிக்கலாகாது என்பது சட்டம். பார்ப்பதற்கென்று அங்காடித் தெருவில் ஒரு பந்தலும் போடப்பட்டது.

பந்தலுக்கு முதலில் வந்தவை வேடிக்கைகளே. கருகிய பணியாரத்தோடு ஒருவர் வந்தார். படைத்தலைவரைப் பாடிப் பரிசு பெறாத பாட்டோடு ஒரு புலவர் வந்தார். பாட்டில் குறையில்லை, பாடப்பட்டவரிடம்தான் என்று கூட்டம் தீர்ப்புச் சொல்ல, படைத்தலைவர் வெட்கத்தோடு பரிசு கொடுத்தனுப்பினார். பின்பு குயவர்கள் விரிசல் விட்ட பானைகளோடு வந்தார்கள். தனித்தனி வீடுகளில் மறைத்து வைத்திருந்தவற்றை அடுத்தடுத்து வைத்தபோதுதான், அனைத்தும் ஒரே பள்ளத்து மண் என்று தெரிந்தது. அந்தப் பள்ளத்தை மூடிவிட்டார்கள்.

தோல்வி யாவும் இங்கே கொண்டாடப்படுகிறது என்று மன்னர் கருதவேண்டா. சோம்பலால் ஒரே ஏர்க்காலை மூன்றுமுறை முறித்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்துப் பல்லிளித்து வந்த ஒருவனைப் பெருஞ்சாத்தனார் பந்தலிலிருந்து விரட்டினார். "நீ கத்துக்கிட்டது ஒண்ணுதான்டா, பந்தலுக்கு வர்ற வழி!" என்றார்.

உறுமாற்றின் மேல் நான்காவது பாலத்தையும் காரிநங்கையே கட்டுக என்று பெருந்தேவியார் பணித்தார். அவள் தயங்கினாள். தெரியாத இன்னொன்று இருக்குமோ என்றாள். இருக்கும், அதையும் பார்ப்போம் என்றார் பெருந்தேவியார். எண்ணெய் ஊற்றாத பாலத்தில் கால் வைக்கமாட்டோம் என்று ஊர் முரண்டு பிடித்தது. "கல்லுக்கு வேணாம், விளக்குக்கு ஊத்துங்க" என்றாள் காரிநங்கை. இரு கரையிலும் விளக்குகள் வரிசையாக வைப்பதென முடிவாயிற்று. படைத்தலைவர் மட்டும், எது எப்படியானாலும் தாம் முதலில் ஏறப்போவதில்லை என்று தெளிவாக அறிவித்தார்.

மாமன்னரே, தோல்வி காணாதவர் தம் வேலை எங்கே நிற்கும் என்று அறிவார். எங்கே விழும் என்று அறியார். காரிநங்கை இரண்டையும் அறிவாள். நுங்காறு எம் ஆறு அன்று. நும் மக்கள் வழக்கம் எம் வழக்கம் அன்று. அங்கே அவள் அறியாதன பல இருக்கும். ஆதலின் அவளை ஏற்பீராயின், நும் மக்கள் புதுப்பாலத்துக்கு என்னென்ன செய்வார்கள் என்பதை முதலில் அவளுக்குச் சொல்லுக. ஆடுவார்களா, தேங்காய் உடைப்பார்களா, யானை கொணர்வார்களா என்பதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டேயிருப்பாள். சலியாது விடை தருக.

ஏழருவி முத்திரை இட்டு, பெருந்தேவியார் கைச்சாத்தோடு இவ்வோலை முடிகிறது. இதை எழுதும் ஐப்பசித் திங்களில் உறுமாறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. ஓடக்காரர் ஓடங்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பினர். இத்திங்களில் எம் நாட்டிலிருந்து நும் நாட்டுக்கு எவரும், எக்காலத்தும், வந்ததில்லை. இவ்வோலை கால் நனையாது வந்திருக்கிறது. இதைக் கொணர்ந்து நும் திருமுன் நிற்பவள், மன்னர் என்ன சொல்வாரோ என்று அஞ்சித் தலைகுனிந்து நிற்பாள். நெடுவழி நடந்தவளுக்கு முதலில் இருக்கை தந்து, பின் அவள் பெயரைக் கேட்டருள்க.